இரும்பு ஏறுகிறது

இடது கையை நீட்டச் சொன்னாள் நர்ஸ் ஜெசிந்தா, நீட்டினேன். நீட்டு என்றால் நீட்டுவதும் திரும்பு என்றால் திரும்புவதும் எனக்குப் பழகிப்போன காரியம். முழங்கைக்குக் கீழே ரப்பரை இறுக்கிக் கட்டி, நரம்பைத் தட்டித் தட்டித் தேடுகிறாள். "உங்க நரம்பு ஒளிஞ்சுக்குதுக்கா" என்கிறாள். ஒளியட்டும், அதற்காவது புத்தி இருக்கிறதே. ஊசி இறங்கும்போது நான் கையைப் பார்ப்பதில்லை, மேலே தொங்கும் பாட்டிலைத்தான் பார்ப்பேன். முதல் தடவை பார்த்தபோது என்னடா இது, பால் விடாத காப்பியை யாரோ கம்பியில் மாட்டியிருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. ரத்தம் ஏற்றுவார்கள் என்று நினைத்து வந்தவளுக்கு இதைக் காட்டினால் எப்படி இருக்கும்? ரத்தம் இல்லை, இது இரும்பு, நரம்பு வழியாக ஏற்றினால் உடம்பே ரத்தம் செய்துகொள்ளும் என்றார்கள். சரி, செய்துகொள்ளட்டும். பூங்கோதையின் உடம்பு சொன்ன வேலையைச் செய்யாமல் எங்கே போகப்போகிறது. காலடியில் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் எனக்கு மாதுளம்பழம். உதடு அசைகிறது, அபிராமியம்மனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறாள் போல. எனக்காக இல்லை என்று சொன்னால் பாவம். எனக்காகவும்தான். ஆனால் என் வழியாக வேறு ஒரு ஆளுக்காக. அந்த ஆள் இதே கட்டடத்தில் கீழே டயாலிசிஸ் மிஷினில் படுத்திருக்கிறான், என் தம்பி கதிரேசன். அவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. என்னுடையது அவனுக்குப் பொருந்துகிறது. எல்லாம் பொருந்தி, என் ரத்தத்தில் இரும்பு இல்லை என்பது மட்டும் பொருந்தவில்லை. அது ஏறினால்தான் ஆபரேஷன். இன்றைக்குக் கடைசிப் பாட்டில்.

சொட்டு விழ ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாக்கில் அந்த ருசி வரும், பழைய குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தால் வருமே அது. கை குளிரும். "எரிச்சல் இருந்தா உடனே சொல்லிருங்கக்கா, நரம்ப விட்டு வெளிய கசிஞ்சா தோல்ல கறை பிடிச்சிரும், லேசுல போகாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள், இன்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். கறை பிடித்தால் பிடிக்கட்டும், எனக்கென்ன இனிமேல் பெண்பார்க்க வருகிறார்களா. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அம்மா அடிக்கடி சொல்வாள், வீட்டில் யாராவது எதையாவது கேட்டால் அதுதான் பதில். இப்போது சட்டியை நிரப்புகிறார்கள். நிரம்பியதும் அகப்பையை விடுவார்கள். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் அறுப்பார்களாம். படம் போட்டுக் காட்டினாள் என்னைச் சோதிக்கிற டாக்டரம்மா. நான் ஜாக்கெட் தைக்கிறவள், எங்கே வெட்டினால் எது தொங்கும் என்று தெரிந்தவள், அவள் பேனாவால் கோடு இழுத்ததும் என் கை தானாக இடுப்புக்குப் போனது. தையல்காரிக்கு வெட்டு புதிதில்லை, ஆனால் துணிக்கு வலிக்காது, அதற்கு ஒரு மகளும் கிடையாது. என் யாழினி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். "அம்மா, நீ பண்றது பெரிய விஷயம்மா" என்கிறாள் போனில். எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க முடியாது. அவள் அப்பா "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இஷ்டம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தேடிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் என்னிடம் கேட்கவில்லை. இதுதான். சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன். டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடையதை எடுக்க முடியாது என்று சொன்னார்கள். அம்மாதான் முதலில் கை தூக்கினாள், அதையும் சொல்ல வேண்டும், "எனக்கு வயசாச்சு, ரெண்டையும் எடுத்துக்கங்க" என்றாள், மாட்டோம் என்றதும் முந்தானையில் மூக்கைச் சிந்தி அழுதாள். கதிரேசன் பெண்டாட்டிக்கு ரத்த வகை சேரவில்லை. அப்போது அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அவன் அக்கா குடுப்பா." கூடையில் இருந்து ஒரு பழத்தை எடுத்து வைத்த மாதிரி. நான் அருகில்தான் இருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார், அம்மா பார்த்தாள், தம்பி தரையைப் பார்த்தான். நான் சிரித்தேனோ என்னவோ. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளுக்கு அவன் ஆறாத புண், பிறக்கும்போதே பூஞ்சை உடம்பு. நான் அப்படி இல்லை. "இவளுக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று வருகிற போகிறவர்களிடம் சொல்வாள், எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் விடியும் முன்னே போய் நிற்பாள், சுவரொட்டிக்காக. ஆட்டு மண்ணீரல், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் அது, முந்தினவர்களுக்குத்தான் கிடைக்கும், ரத்தம் ஊற அதைப்போல ஒன்றும் இல்லை என்பாள். அடுப்புத் தணலில் வாட்டி மிளகும் உப்பும் தூவி அவனுக்கு ஊட்டுவாள், அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுவான். எனக்கு அந்த வாசனைக்கு நாக்கு ஊறும். கேட்டால், "உனக்கெதுக்குடி, உனக்குத்தான் ரத்தம் கொட்டிக் கெடக்கே." கொட்டித்தான் கிடந்தது, மாதாமாதம், ஊருக்கு முன்னாடி எழுந்து துணி அலசுகிற அளவுக்கு. கல்யாணம் ஆகி, யாழினி பிறந்து, அப்புறம் இன்னும் மோசம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியைக் கடித்துத் தின்பேன், வாடிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. என்ன கெட்ட பழக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அது இரும்பு கேட்கிற உடம்பு என்று இந்த டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும். தம்பிக்குக் கிட்னி போகாமல் இருந்திருந்தால் எனக்கு ரத்தம் இல்லை என்பது யாருக்குத் தெரிந்திருக்கும்? அவனுக்காகச் சோதித்தார்கள், அதில் நான் அகப்பட்டேன். அந்தக் கோபத்தினால்தான் கொடுக்க மாட்டேன் என்கிறாயா கோதை? இல்லை. ஒரு சுவரொட்டிக்காகத் தம்பியைச் சாகவிடுகிற ஜென்மமா நான். அவன் என் இடுப்பில் வளர்ந்தவன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது யாரும் அண்டக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள், அவன் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பள்ளிக்கூடக் கதையெல்லாம் பொய்யும் புளுகுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் சிரிக்கிற வரைக்கும் எழுந்து போகமாட்டான். இப்போது அவன் கையில் டயாலிசிஸுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார் அக்கா என்று காட்டினான். தோலுக்கு அடியில் வண்டு மாட்டிக்கொண்டது மாதிரி கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுக்கிறார்கள், வெயில் காலத்தில் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். பார்க்க முடியவில்லை. பார்த்துவிட்டு வந்து கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். அழுதுவிட்டு வெளியே வந்தாலும் பயம் அப்படியே இருக்கிறது. அதுதான் உண்மை. கோபமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பயம். என்னை அறுப்பது பயம். அறுத்து, கண் விழிக்காமல் போய்விட்டால் நல்லவள், தெய்வம், தம்பிக்காக உயிரைக் கொடுத்தாள் என்பார்கள், அந்த நல்ல பேரை நினைத்தால் இன்னும் பயம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். தம்பி உடையவள் ஆஸ்பத்திரி வாசலில் கால் நடுங்க நிற்கிறாள், அதற்கு ஒரு பழமொழியும் இல்லை.

அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். "உங்களுக்கு மனசில்லைன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. காரணம் கேக்க மாட்டேன். உடம்பு ஒத்துக்கலைன்னு உங்க வீட்ல நாங்க சொல்லிக்கிறோம், ஒருத்தருக்கும் தெரியாது. அவரும் இப்பவே போயிர மாட்டாரு, டயாலிசிஸ் ஓடும், இறந்தவங்ககிட்டருந்து வர்ற கிட்னிக்குப் பதிவு பண்ணி வைக்கலாம், காத்திருக்கணும், எவ்வளவு காலம்னு சொல்ல முடியாது." எவ்வளவு சுலபமான கதவு. திறந்தே வைத்திருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எப்படியும் ரத்தம் இவ்வளவு கம்மியாக இருக்கையில் இப்போதைக்கு ஆபரேஷன் கிடையாது, முதலில் மாத்திரை சாப்பிடுங்கள் என்றாள். அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே. பரீட்சைக்குப் படிக்காமல் போனவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று சொன்ன மாதிரி. டீ, காப்பியோடு மாத்திரை போடாதீர்கள், இரும்பு உடம்பில் சேராது என்று சொல்லித்தான் அனுப்பினாள். மறுநாளில் இருந்து அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள், என்னைத் தேற்ற. காலையில் மாத்திரையும் கையுமாக வருவாள், மறு கையில் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. "வெறும் வயித்துல போடாதடி, குடல் புண்ணாயிரும், டீயக் குடிச்சு முழுங்கு." வேண்டாம் அம்மா, டாக்டர் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போட்ட டீ நன்றாக இருந்தது. தினமும் மாத்திரையை நாக்கில் வைத்து அந்த டீயாலேயே இறக்கினேன். திரும்பப் போய்ச் சோதித்தபோது ரத்தம் ஒரு பொட்டும் ஏறவில்லை, டாக்டரம்மா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், அம்மா மூலையில் நின்று "தெனம் என் கையால குடுத்தேனே" என்று புலம்பினாள். அவள் கையால்தான். மகனைக் காப்பாற்ற வந்தவள் தினமும் காலையில் எழுந்து அவனுக்கு எதிராக டீ போட்டாள், நான் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். வேண்டுமென்றா? வேண்டுமென்றுதானா? டம்ளரை வாங்கும்போது அப்படி ஒரு நினைப்பே இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் டம்ளரை வைத்தபிறகு மனசுக்குள் ஒன்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டதே, அது என்ன? மாத்திரை சரிப்படாது, நேராக நரம்பில் ஏற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டாள் டாக்டரம்மா. நரம்பில் டீ ஊற்ற முடியாது.

கை எரிகிறது. இல்லை, எரிவது மாதிரி இருக்கிறது. வழக்கமாகக் குளிரும், இன்று ஊசிக்குப் பக்கத்தில் மிளகாய் பட்ட மாதிரி. குனிந்து பார்க்கிறேன், பிளாஸ்திரிக்குக் கீழே லேசாகப் பொம்மிக்கொண்டு வருகிறது. ஜெசிந்தா அந்தக் கடைசிக் கட்டிலில் ஒரு தாத்தாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. இப்படியே இருந்தால் என்ன? மருந்து ரத்தத்துக்குப் போகாது, தோலுக்கு அடியில் தேங்கிவிடும், மறுபடி சோதிப்பார்கள், ஏறவில்லை என்பார்கள், இன்னும் ஒரு மாதம், அதற்குள் எங்கேயாவது யாராவது, சீ, என்ன நினைப்பு இது, யாராவது செத்து அவனுக்குக் கிட்னி வரட்டும் என்றா படுத்துக்கொண்டு வேண்டுகிறேன்? எரிச்சல் மணிக்கட்டுப் பக்கம் பரவுகிறது. பல்லைக் கடிக்கிறேன். வலியைப் பொறுத்துக்கொள்ளவா எனக்குத் தெரியாது, அதில் நான் கெட்டிக்காரி. பொறுத்துக்கொண்டே இருந்துவிட்டால் போதும், கை பேசிக்கொள்ளும், கறை பேசிக்கொள்ளும், சோதனைக் காகிதம் பேசிக்கொள்ளும், நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். டீ சொன்னது, இனி தோல் சொல்லட்டும். அப்படியானால் இந்த வாய் எதற்கு இருக்கிறது கோதை? சாக்குக் கட்டி தின்பதற்கா? முடியாது என்று சொல்ல ஒரு உடம்பைக் கெடுத்துக்கொண்டா கிடப்பார்கள்? திடீரென்று எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சிஸ்டர்!" என்று கத்தினேன். அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "எரியுது, வெளிய போகுது." ஜெசிந்தா ஓடிவந்து குழாயை அடைத்தாள். "எவ்வளவு நேரமாக்கா?" என்றாள். இப்போதுதான் என்றேன், அது முழு உண்மை இல்லை. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள், மிளகு அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை நின்றுவிட்டது. "சொன்னதால தப்பிச்சீங்க" என்றாள். அம்மா பதறிக்கொண்டு, "மருந்து வீணாயிருச்சாம்மா?" என்று அவளிடம் கேட்டாள். வலிக்கிறதா என்று கேட்க அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வலது கையில் ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. ஒளியவில்லை.

சொட்டு மறுபடி விழுந்துகொண்டிருக்கும்போது கதிரேசன் வந்தான். மிஷினில் இருந்து எழுந்து வருகிற அன்றைக்கு அவன் நடை தரையைத் தொடாத மாதிரி இருக்கும், முகம் பிழிந்து காயப்போட்ட துணி. "என்னக்கா, கைய மாத்திட்டாய்ங்க?" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா ஸ்டூலை அவனுக்குத் தள்ளினாள், "இன்னைக்கோட முடிஞ்சிருச்சுய்யா, இனி ரத்தம் ஏறிரும், தேதி குடுத்துருவாங்க" என்றாள். அவன் உட்காரவில்லை.

"கதிரு, நீ ஏன்டா என்ட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"என்னத்தக்கா?"

"குடுப்பியான்னு."

"இதென்னடி பேச்சு," என்றாள் அம்மா. "கூடப் பொறந்தவன் வாய்விட்டு வேற கேக்கணுமா? தானாடாட்டியும் தன் தசை ஆடும்பாங்க."

"நீ சும்மா இரும்மா," என்றான் அவன். நகத்தால் கட்டில் கம்பியில் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "கேட்டா முடியாதுன்னு சொல்லிருவியோன்னு பயம்க்கா. அதான் கேக்கல. அம்மா சொன்னப்ப நீ ஒண்ணும் சொல்லல. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவனுக்கும் பயம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இத்தனை நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்கிறோம். டாக்டரம்மா கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, அவளிடம் போய்க் காதில் சொல்லிவிட்டு வந்தால் நான் கடைசி வரைக்கும் நல்ல அக்கா. அவனும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை பாவம் அக்கா என்று நினைத்துக்கொள்வான். ஆனால் இந்தப் பொய் முகத்தை வைத்துக்கொண்டு அவன் ஐஸ் துண்டைக் கடிப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

"இப்பக் கேளுடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். உதடு வெடித்திருந்தது. "எனக்கு ஒரு கிட்னி குடுப்பியாக்கா?"

அவன் கேட்டதும் கொடுத்துவிடலாம் என்றுதான் ஒரு கணம் தோன்றியது, அந்தக் குரலுக்கு எதையும் கொடுத்துவிடலாம். அந்தக் கணம் போகட்டும் என்று காத்திருந்தேன். போனபிறகு என்ன மிச்சம் இருக்கிறதோ அதைச் சொன்னேன். "முடியாதுடா. எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன். கூரை அப்படியேதான் இருந்தது. கதிரேசன் தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான். "சரிக்கா" என்றான். அம்மா என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அவள் ஒயர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ஒரு சொட்டுக்கூட ரத்தம் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னாள், "சிஸ்டர், இதக் கழட்டிருங்க. இனிமே இவளுக்கு என்னத்துக்கு இது?"

ஜெசிந்தா குழாயில் கை வைத்தபடி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். நான் வாயைத் திறக்கும் முன் கதிரேசன் குறுக்கே வந்தான். அம்மா தள்ளிவிட்ட ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"ஓடட்டும் சிஸ்டர்," என்றான். "அக்காவுக்கு ரத்தம் கம்மி."